இயற்கை என்றால் அதட்டல் எதற்கு?

வீட்டு சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. இரும்பு உருளை ஏறக்குறைய 15 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பில் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறுகிறவர் சுமப்பது சுமார் 30 கிலோ. மேலே வந்து இறக்கியதும் மூச்சு வாங்க நிற்பார். நாற்காலியை இழுத்துப் போடுகிறோம், சொம்பில் தண்ணீர் கொடுக்கிறோம், பில் தொகைக்கு மேல் ஐம்பதோ நூறோ கையில் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். அது முதுகெலும்பை முறிக்கிற வேலை.

இப்போது அதே படி. வடசென்னை எம்.கே.பி. நகரின் ஏதோ ஒரு குறுக்குத்தெரு, மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும், அதாவது 15 கிலோ. நைட்டிக்கு மேல் துண்டு, நைட்டியின் ஓரம் பாவாடையில் செருகல், இடுப்பில் ஒரு குடம், மறுகையில் ஒரு குடம். அந்த அம்மா ஏறுவதும் 30 கிலோவோடுதான். அவர் ஒரு நடையோடு நிற்பதில்லை, டிரம் நிறைகிற வரை ஏறி இறங்குகிறார். நாற்காலி கிடையாது, சொம்புத் தண்ணீர் கிடையாது. படியில் சிந்தியதற்கு முதல் மாடிக்காரரிடம் ஒரு திட்டு உண்டு. மேலே வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆண், பேச்சு வந்தால் சொல்வார்: "பொம்பளைங்க உடம்புல அவ்ளோ தெம்பு கெடையாது சார். ஆண்டவன் படைச்சதே அப்படி."

இரண்டு சுமையும் ஒரே எடை. ஒன்றுக்கு 'உழைப்பு' என்று பெயர், இன்னொன்றுக்கு 'வீட்டு வேலை' என்று பெயர். எந்த உடம்பு செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறோம், பெயரைப் பார்த்துக் கூலி கொடுக்கிறோம். பிறகு அந்தப் பெயரையே ஆதாரமாகக் காட்டி, பெண் மென்மையானவள் என்று முடிவுக்கு வருகிறோம்.

ஆணுடம்புக்கும் பெண்ணுடம்புக்கும் வேறுபாடே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சராசரி ஆண் சராசரிப் பெண்ணைவிட அதிக எடை தூக்குவான். கருப்பை ஒருவருக்கு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. பகுத்தறிவு பேசுகிறவன் உடற்கூறை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் கேட்பது அடுத்த படியைப் பற்றி. தசை அதிகம் உள்ளவன் ஆண் என்றால், தண்ணீர் லாரிக்கு ஓட வேண்டியவன் அவன்தானே? இயற்கையின் சட்டத்தை அப்படியே அமல்படுத்தினால் எம்.கே.பி. நகரில் ஒரு குடத்தைக்கூடப் பெண் தொடக் கூடாது. அந்தச் சட்டத்தை மட்டும் நாம் படிப்பதில்லை.

இயற்கை என்ற வாதத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நாலு வயதுப் பையன் முட்டியில் அடிபட்டு அழுகிறான். "பொட்டப்புள்ள மாதிரி அழுவாதடா." ஐந்து வயதுப் பெண் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு சத்தமாகச் சிரிக்கிறாள். "காலை மடக்கி உக்காரு. என்னடி அது இளிப்பு?" பத்து வயதில், பதினைந்து வயதில், கல்யாணத்துக்கு மறுநாள், மாமியார் வீட்டில், டீக்கடையில், பஸ்ஸில், "நீயெல்லாம் ஆம்பளையா?" என்ற கேள்வி ஒருவனைச் சாகிற வரை துரத்துகிறது. குயிலை யாரும் கூவு என்று அதட்டுவதில்லை. ஆண்மையும் பெண்மையும் பிறப்பிலேயே வருகிறவை என்றால், அவற்றை வரவழைக்க ஏன் இத்தனை பேர் இத்தனை வருஷம் காவல் காக்க வேண்டியிருக்கிறது? இந்தக் கேள்வியை நான் எத்தனையோ ஆண்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொன்னவர்களைவிடக் கோபப்பட்டவர்களே அதிகம். கோபமும் ஒரு காவல்தான்.

எம்.கே.பி. நகர் என்று சுருக்கிவிட்டதில், அது மகாகவி பாரதி நகர் என்பதே பல பேருக்கு மறந்துபோயிற்று. பாரதியின் படத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மீசை. அந்த மீசையை ஆண்மையின் அடையாளமாகப் போட்டுத்தான் பனியன்கள்கூட விற்கிறார்கள். ஆனால் எட்டயபுரத்தில் அவர் பிறந்த சாதியில் ஆணுக்கு மீசை கிடையாது. காசிக்குப் போன இளைஞன் குடுமியை எடுத்தான், மீசை வைத்தான், தலைப்பாகை கட்டினான். உறவினர்களுக்கு அது பிடிக்கவில்லை. மீசை இல்லாத முகம்தான் அந்த வீட்டில் ஒழுங்கான ஆணின் முகம். அடுத்த தெருவில் மீசை இல்லாதவன் ஆணே இல்லை. அதற்கடுத்த தெருவில் மீசை வைத்தால் அடி. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017-இல் குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் உள்ள லிம்போதராவில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தங்கள் மீசையைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். மேலுதட்டில் முடி முளைப்பது ஹார்மோன். அதை வைத்துக்கொள்ளலாமா என்பது சாதி கொடுக்கிற லைசென்ஸ்.

காதை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் மதராஸில் மதிப்பான ஆள் என்றால் தலையில் குடுமி, காதில் கடுக்கன். பிறகு கிராப் வந்தது, கடுக்கன் போனது. காதில் ஓட்டையோடு அலைகிறவன் பட்டிக்காட்டான் ஆனான். இன்று வியாசர்பாடி முனையில் நிற்கும் 'புள்ளிங்கோ' பையன் ஒரு காதில் கல்லைப் போட்டு, முன்மயிருக்குச் செம்பட்டை அடித்திருக்கிறான். அவனைப் பார்த்து அவன் தாத்தா, "என்னடா பொம்பள மாதிரி" என்கிறார். அந்தத் தாத்தாவின் தாத்தா இரண்டு காதிலும் போட்டிருந்தார். காது அப்படியே இருக்கிறது.

பெண்ணின் பக்கத்தில் இந்த லைசென்ஸ் இன்னும் கொடூரமானது. மாராப்பு பெண்மையின் அடையாளம் என்கிறோம். தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காகத் தெருவில் ஆடை கிழிக்கப்பட்டார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-இல்தான் அரசு இறங்கி வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை. நாணம் பெண்ணின் இயல்பு என்று எழுதிய அதே சமூகம், எந்தெந்தப் பெண்ணுக்கு நாணப்பட அனுமதி என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தது.

பெண்மையைத் தமிழர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் ஆண்களின் பங்கு சாதாரணமானதில்லை. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. அது மாதிரி மேடைகளில் பாலர் சபைப் பையன்கள்தான் நாயகிகள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பையன்கள், சேலை கட்டி, ஓரக்கண்ணால் பார்த்து, இடுப்பை ஒடித்து நடந்து, தலைகுனிந்து நின்றார்கள். ஸ்திரீபார்ட் என்றால் கம்பெனியில் தனி மதிப்பு. மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்தால் அன்றோடு அந்த வேஷம் போயிற்று, அடுத்த பையன் சேலை கட்டுவான். பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து, ஆண் எழுதி, ஆண் பழக்கி, ஆண் நடித்த சீதையைப் பார்த்து, பெண் என்றால் இப்படி என்று வீட்டுக்குக் கொண்டு போனார்கள். டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து, 'அவ்வை' சண்முகம் என்றே பெயர் வாங்கினார். இன்னொரு பக்கம், 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் இத்தனை லேசாக மாற முடிந்தது என்றால், மாறியது எது? சேலையும் வேட்டியும், நடையும் பார்வையும், குரலை எங்கே தாழ்த்துவது என்ற பயிற்சியும். ஒத்திகை பார்த்து வருவது பிறவிக்குணம் ஆகாது.

ஒத்திகையின் கடைசி நாள் சாவு. வடசென்னையில் ஒரு சாவு வீட்டை ராத்திரி முழுக்கக் கவனித்துப் பாருங்கள். வாசலில் ஷாமியானா, ஐஸ் பெட்டியில் உடம்பு. பகலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஆடி ஆடி ஒப்பாரி வைக்கிறார்கள். செத்தவர் என்ன சாப்பிட்டார், எந்தப் பொய்யைச் சொன்னார், எந்தக் கடனை அடைத்தார் என்று அங்கேயே கட்டப்படுகிற பாட்டு. அப்போதே இசை, அப்போதே எதுகை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆண்கள் வருகிறார்கள். தபலா, டோலக், மைக். மரண கானா. அதே செத்தவர், அதே கதை, அதே இழப்பு. பாடகருக்குப் பேசிய தொகை, கூட்டத்தில் விசில், சிலருக்கு யூட்யூப், சிலருக்கு சினிமா. விடிந்ததும் பெண்கள் தெருமுனை வரை; அதற்கு மேல் சுடுகாட்டுக்கு வரக் கூடாது, மனசு தாங்காதாம். ராத்திரி முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனசு அது.

பெண் பாடினால் அழுகை, ஆண் பாடினால் கலை. இதைத்தான் ராயபுரத்துக்காரரான இசைவாணி உடைத்தார். கானா மேடை முழுக்க ஆண்களாக இருந்தபோது மைக்கைப் பிடித்தார், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் பாடினார், 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவர் ஆண் குரலில் பாடவில்லை, தன் குரலில்தான் பாடினார். கானாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேரமும் அப்படித்தான். தெருமுனைக் கேரம் கிளப், அதன் தொங்கும் பல்பு, போரிக் பவுடர், நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறவர்களின் வசவு, எல்லாம் சேர்ந்து ஆண்களின் இடம். பெண் அந்தக் கதவைத் தாண்டிப் போனாலே பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நடுவே, வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், வயது 17. கேரம் காயை அடிக்க மீசை தேவைப்படவில்லை. இருந்தும் இன்று சாயங்காலம் ஒரு கிளப்புக்குள் எட்டிப் பாருங்கள், எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று. கோப்பை வாங்கிய பெண்ணுக்குப் பேனர் கட்டுவோம். பக்கத்து வீட்டுப் பெண் ஸ்ட்ரைக்கரை எடுத்தால், "பொழுது போவலையா உனக்கு?"

இத்தனைக்கும் இந்த ஏற்பாட்டில் ஆண் சுகமாக இருக்கிறானா? பி அண்ட் சி துணி மில்லைக் கேளுங்கள். 1918-இல் மதராஸ் தொழிற்சங்கம் பிறந்தது அந்தத் தொழிலாளர்களால்தான். மில் சங்கு ஊதினால் பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி எழுந்திருக்கும். மில்லில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள். 1996-இல் மில் மூடியது. சம்பாதிக்கிறவன் ஆண் என்று மூன்று தலைமுறை படித்த பாடம், சம்பளம் நின்ற மறுமாதம் என்ன ஆகும்? பல வீடுகளில் மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் வீட்டு வேலைக்கும் போனார். புருஷன் வீட்டில் இருந்தார். அவர் சோறு வடித்திருக்கலாம், குடம் தூக்கியிருக்கலாம். கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. செய்தால் தெரு சிரிக்கும் என்பதால் செய்யவில்லை. குடித்தார். குடித்துவிட்டு, சம்பாதித்து வந்தவளை அடித்தார். அடித்தால் தெரு சிரிக்காது. வேலை போனதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் சோறு வடிப்பதைவிட அடிப்பது கௌரவம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாமெல்லாரும்தான், அவருடைய அம்மா உட்பட.

ஆண் என்ற பெட்டியிலிருந்து வெளியே வருகிறவரை இந்தச் சமூகம் என்ன செய்கிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும். 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது, நாட்டுக்கே முன்னோடி. புதுக்கடை திறப்பில் அவர்கள் கையால் ஆசி வாங்குகிறவர்கள் அதே தெருவில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தருவதில்லை. இன்னும் ஒன்று எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, தன்னைப் பெண்ணென்று உணர்ந்தவருக்குக் கேலியோ கும்பிடோ கிடைக்கிறது. பெண்ணென்று வளர்க்கப்பட்டுத் தன்னை ஆணென்று உணரும் திருநம்பி யார் கண்ணிலும் படுவதே இல்லை. பதவியைத் துறந்தவனைப் பார்த்துத்தான் ஊருக்கு ஆச்சரியம். ஆண் என்பது பதவி என்று நாம் நினைப்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உடம்பே இரண்டில் ஒன்றாகப் பிறக்காத குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகளைப் பேசத் தெரியும் முன்பே அறுவை செய்து, ஏதாவது ஒரு பாலாக 'சரிப்படுத்தி' அனுப்புவது மருத்துவமனை வழக்கமாக இருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதைத் தடுக்கச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இது கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆண், பெண் என்று இரண்டே வகைதான் இயற்கை என்று வாதாடுகிறவர்கள் இந்த ஆணையைப் படிக்க வேண்டும். இயற்கை மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தபோது, கத்தியை எடுத்தது நாம்.

மதவாதிகளைத் திட்டிவிட்டுப் போய்விடலாம், அது சுலபம். பகுத்தறிவு பேசுகிற நம் வீட்டுக்கு வருவோம். 1938 நவம்பர் 13 அன்று, பையன்கள் சேலை கட்டி ஆடிய அதே ஒற்றைவாடை அரங்கில், தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்தப் பெண்கள்தான். ஆண்மை என்ற கருத்தே ஒழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று சொன்னவர் அவர். கற்பு என்றால் இருவருக்கும் வேண்டும், இல்லையென்றால் எவருக்கும் வேண்டாம் என்று வாதாடியவர். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது, அவருடைய சீடர்களின் ஆட்சி மெரினாவில் கண்ணகிக்குச் சிலை வைத்தது. 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டபோது தமிழகம் கொதித்தது; 2006-இல் திரும்ப வைத்தார்கள். அரசன் தவறினான் என்று கேட்ட பெண்ணின் துணிவுக்காக அந்தச் சிலை என்று வாதம் உண்டு. அது நியாயமான வாதமும்கூட. ஆனால் நம் மேடைகளில் கண்ணகி வந்தால் பின்னாலேயே வந்தது துணிவா, கற்பா? பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இன்னொரு ஆண்டவனை இடித்த கை, இந்த ஆண்டவளுக்கு மாலை போட்டது.

2022-இல், இந்த வடசென்னையிலிருந்து 28 வயது ஆர். பிரியா சென்னை மேயர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது 2016-இல். சட்டம் வந்த பிறகும் பல வார்டுகளில் கவுன்சிலரைப் பார்க்கப் போனால், பேசுவது கவுன்சிலரின் வீட்டுக்காரர். கையெழுத்து அம்மாவுடையது, கருத்து ஐயாவுடையது. அதைக் கிண்டல் செய்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் மனைவியின் ஏடிஎம் கார்டைத் தங்கள் பர்ஸில் வைத்திருக்கிறார்கள்?

கடைசியில் விஷயம் பர்ஸிலும் சதுர அடியிலும்தான் போய் நிற்கிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. தமிழ்நாடு அதைச் சட்டமாக்க 1989 வரை ஆயிற்று. மத்திய அரசு 2005-இல் வந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இனி எந்தச் சந்தேகமும் வேண்டாம் என்று மகளின் பங்கை உறுதி செய்தது. சட்டப்படி எல்லாம் முடிந்தது. இப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அப்பா கட்டிய வீட்டில் தங்கைக்குப் பங்கு உண்டு என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது.

"நீ எங்க வூட்டுப் பொண்ணுமா. அண்ணன் மேல கேஸ் போட்டான்னு ஊரு பேசணுமா? நாளைக்கு உன் புள்ளைக்குத் தாய்மாமன் சீரு வேணாமா?"

பெண் என்றால் விட்டுக்கொடுக்கிறவள், பொறந்த வீட்டு மானம் அவள் கையில் என்று ஐந்து வயதிலிருந்து மடக்கி உட்காரவைத்த பாடத்துக்கு அறுவடை நாள் அது. அவள் போட்டோவுக்கு முகத்தைக் காட்டி, விரல் ரேகையை வைத்து, சில லட்சங்களை ஒரு பட்டுப்புடவைக்கு எழுதிக் கொடுக்கிறாள். வெளியே வந்ததும் அண்ணன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தருகிறார். அவர் சாமி கும்பிடுகிறவராகவும் இருப்பார், கறுப்புச் சட்டைக்காரராகவும் இருப்பார்; பத்திரத்தின் வாசகம் மாறுவதில்லை.

அடுத்த மாநாட்டில் பெண் விடுதலைத் தீர்மானம் வாசிக்கும் முன் மேடையில் உள்ள ஆண்களிடம் ஒன்று கேளுங்கள்: தங்கையிடம் அந்தக் கையெழுத்தை வாங்காதவர்கள் கையைத் தூக்கலாம்.